வீட்டிலிருந்து வந்து படிப்பவர்களின் கல்லூரி

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஏழாம் எண் சப்வே ரயில் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டோடு முடிந்துவிடுகிறது. குயின்ஸ் கல்லூரிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி, படியேறி மேலே வந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். கல்லூரி வாசலில் ரயில் நிலையம் கிடையாது. 1937இல் கல்லூரி தொடங்கியபோது, பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்களைத் திருத்துவதற்காக நடத்தப்பட்டுவந்த பழைய இல்லம் ஒன்றின் கட்டடங்களைத்தான் அதற்குக் கொடுத்தார்கள். ஓடு வேய்ந்த அந்தக் கட்டடங்களில் சில இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அடுத்த 72 ஆண்டுகளுக்கு அங்கே மாணவர் விடுதி என்ற ஒன்றே இல்லை. 2009இல் வந்த ஒரே விடுதியிலும் சுமார் 500 பேர்தான் தங்க முடியும். படிப்பவர்களோ பதினைந்தாயிரத்துக்கும் மேல். மற்ற அனைவரும் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள், அல்லது மாலையில் வந்து இரவில் போகிறவர்கள். நாம் டே ஸ்காலர் என்கிறோமே, அவர்கள். வட அமெரிக்கத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. கோயிலைத் தெரிந்த அளவுக்கு நம்மவர்கள் இந்தக் கல்லூரியைத் தெரிந்துவைத்திருக்கிறார்களா என்பது சந்தேகம். அமெரிக்கக் கல்லூரி என்றால் நம் நினைவுக்கு வருவது ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும்தான்.

குயின்ஸ் கல்லூரி தனிக் கல்லூரி அல்ல. சிட்டி யூனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க் என்ற மாபெரும் நகரப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு அது. கியூனி என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த அமைப்பில் சுமார் 25 கல்லூரிகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். இத்தகைய கல்லூரிகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இல்லாதவற்றின் பட்டியலோடுதான் தொடங்குவார்கள். விடுதி இல்லை, வளாக வாழ்க்கை இல்லை, நாலு வருடப் படிப்பை நாலு வருடத்தில் முடிக்கிறவர்கள் குறைவு, பாதிப் பேருக்கு வேலை வேறு இருக்கிறது என்று பட்டியல் நீளும். இவை குறைகள் என்று வைத்துக்கொண்டால், தீர்வு இந்தக் கல்லூரியை விடுதிக் கல்லூரி போல ஆக்குவது என்றாகிவிடும். அந்தப் பார்வையே தவறு என்பது என் கருத்து. வீட்டிலிருந்து வந்து படிப்பதுதான் இந்தக் கல்லூரிகள் இருப்பதற்கே காரணம். மாணவரிடம் பற்றாக்குறையாக இருப்பது நேரம். கல்விக்கென்று ஒதுக்கும் பணம் அந்த நேரத்தை மீட்டுத் தருகிறதா என்று பார்த்துத்தான் நகரமும் மாநிலமும் செலவு செய்ய வேண்டும். இப்போது அப்படிச் செய்வதில்லை.

இதன் வரலாறு 1847இல் தொடங்குகிறது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவச உயர்கல்வி வேண்டும் என்று டவுன்செண்ட் ஹாரிஸ் என்ற வணிகர் முன்னின்று வாதாடினார். நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 19,404 வாக்குகள், எதிராக 3,409. அப்படிப் பிறந்த ஃப்ரீ அகாடமிதான் பின்னால் சிட்டி காலேஜ் ஆனது. பெண்களுக்காக 1870இல் ஹண்டர், பிறகு 1930இல் புரூக்ளின், 1937இல் குயின்ஸ். 1961இல் எல்லாம் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகம் ஆயின. 129 ஆண்டுகள், அதாவது நகரம் திவால் நிலைக்குப் போன நெருக்கடியில் 1976இல் கட்டணம் விதிக்கும்வரை, பகல் மாணவரிடம் படிப்புக்குக் காசு வாங்கவில்லை. இதைப் பொற்காலமாகச் சொல்லி ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்திலும், தகுதி மதிப்பெண் இல்லாமல் மாலை வகுப்பில் சேர்ந்தவர்களிடம் கட்டணம் வாங்கத்தான் செய்தார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவன் காசு கொடுத்துப் படித்தான். மதிப்பெண் எடுத்த பகல் மாணவன் இலவசமாகப் படித்தான். யாருக்கு நேரம் குறைவோ அவர்கள் தலையில்தான் சுமை விழும் என்ற வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இலவசக் கல்வி என்பதற்குப் பின்னால் சொல்லப்படாத ஒரு நிபந்தனையும் இருந்தது. மாணவர் வீட்டில் தங்கிக்கொள்ள வேண்டும், சாப்பாடு வீட்டில். இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தது என்பதற்கு ஷெர்லி சிஷோமின் வாழ்க்கையைவிட நல்ல சாட்சி இல்லை. அப்பா கூலித் தொழிலாளி, அம்மா தையல் வேலை செய்தவர். பள்ளிப் படிப்பை முடித்தபோது வாஸர், ஓபர்லின் என்ற இரண்டு புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் உதவித்தொகையோடு அவரை அழைத்தன. படிப்புக்குப் பணம் கிடைத்தது. தங்கவும் சாப்பிடவும் கட்ட வேண்டிய தொகைதான் குடும்பத்தால் முடியவில்லை. அவர் வீட்டிலிருந்தபடியே புரூக்ளின் கல்லூரிக்குப் போனார். 1946இல் பட்டம் பெற்றார். 1968இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். நாலு ஆண்டுகள் கழித்து அதிபர் வேட்பாளர் போட்டியிலும் நின்றார். விடுதிச் செலவு என்ற அந்த ஒரே ஒரு தடையைப் புரூக்ளின் கல்லூரியால் ஒன்றுமில்லாமல் செய்ய முடிந்தது, வாஸரால் முடியவில்லை.

ஒரு சிஷோமைக் காட்டி ஒரு பல்கலைக்கழகத்தை நியாயப்படுத்தலாமா என்று கேட்பது சரிதான். அதற்கு எண்ணிக்கை வேண்டும். 2017இல் அந்த எண்ணிக்கை வந்தது. டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பொருளாதார அறிஞராக விளங்கும் ராஜ் செட்டியும் அவரது சகாக்களும், கோடிக்கணக்கான வரிக் கணக்குகளைக் கொண்டு அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொன்றையும் அளந்தார்கள். 1980 முதல் 1982 வரை பிறந்த மாணவர்களை எடுத்துக்கொண்டு, நாட்டின் வருமான ஏணியில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலிருந்து வந்து, முப்பது வயதைத் தாண்டும்போது மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். கியூனியில் அது 100க்கு 7.2. ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு போன்ற உச்சக் கல்லூரிகளின் சராசரி 2.2. அங்கே போன ஏழைப் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள், ஆனால் போனவர்களே மிகக் குறைவு. ஐவி லீக் கல்லூரிகள் எட்டையும், அவற்றோடு டியூக், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ ஆகியவற்றையும் சேர்த்தால்கூட, ஏழைக் குடும்பத்திலிருந்து நடுத்தர நிலைக்கும் அதற்கு மேலும் உயர்ந்தவர்களின் எண்ணிக்கையில் கியூனி அவற்றைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

இந்த எண்ணைக் கியூனியின் ஆதரவாளர்கள் அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குயின்ஸ் பகுதியில் வசிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே டாக்ஸி ஓட்டுகிற அப்பாவின் பிள்ளை வருமானக் கணக்கில் ஏழை. வீட்டில் படிப்பு குறித்த எண்ணத்தில் ஏழை அல்ல. அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் மேலே வந்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். நியூயார்க்கில் சம்பளமும் அதிகம், நாடு தழுவிய அளவுகோலில் மேல்மட்டத்தைத் தொடுவது அங்கே சற்று எளிது. இரண்டும் வலுவான மறுப்புகள். செட்டியின் கணக்கு, இந்தக் கல்லூரிகள் வழியாகத்தான் அவர்கள் போனார்கள் என்று காட்டுகிறது. இந்தக் கல்லூரிகளால்தான் போனார்கள் என்று தனியாக நிறுவவில்லை. அதற்கு வேறு வகையான சான்று தேவை. அதிர்ஷ்டவசமாக, அதையும் கியூனியே தந்திருக்கிறது.

2007இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் அது ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏசாப் என்று பெயர். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்த விதம் மருந்தைச் சோதிப்பது போன்றது. மூன்று கல்லூரிகளில், பள்ளிப் பாடத்தில் பின்தங்கிய, வருமானம் குறைந்த 896 மாணவர்கள். யார் திட்டத்துக்குள், யார் வெளியே என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்தார்கள். ஆகவே குடும்பம், ஊக்கம், நகரச் சம்பளம் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம் பேர் பட்டயம் பெற்றிருந்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. கல்வித் திட்டங்களில் இப்படி ஒரு விளைவு அரிது. ஓஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதை எடுத்துச் செய்தபோதும் ஏறக்குறைய அதே விளைவுதான் வந்தது.

அந்தத் திட்டத்தில் அப்படி என்ன இருந்தது? புதிய பாடத்திட்டம் எதுவும் இல்லை. முழுநேர மாணவராகச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, பாடநூல் செலவு, வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவரும் நேரத்தில் அடுத்தடுத்து அமைந்த வகுப்புகள். ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள் மட்டும். அதே கல்லூரிகளில் மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் 600 முதல் 1,500 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றோடு மாதா மாதம் ஒரு மெட்ரோகார்டு, சப்வேயிலும் பஸ்ஸிலும் இஷ்டம்போலப் போய்வர. அந்த அட்டையைக் கையில் வாங்க வேண்டுமானால் ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும். திட்டத்தை வகுத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. ஆலோசனை தேவைப்படுகிற மாணவர்தான் ஆலோசனைக்கு வராமல் இருப்பார். ஆனால் 2015 விலையில் 116.50 டாலர் பெறுமானமுள்ள மாதாந்திர அட்டையை யாரும் விட்டுவிட மாட்டார்கள். அட்டைக்காக வந்தவரிடம், கணக்குப் பாடத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று ஒருவர் கேட்கிறார். ஒரு தலைக்கு மூன்று ஆண்டில் சுமார் 16,300 டாலர் கூடுதலாகச் செலவானது உண்மை. ஆனால் முடித்தவர்கள் அவ்வளவு அதிகம் என்பதால், ஒரு பட்டயத்துக்கு ஆன மொத்தச் செலவு பழைய முறையைவிடக் குறைந்தது. ஆள் கணக்கில் பார்த்தால் விலை அதிகம், பட்டயக் கணக்கில் பார்த்தால் மலிவு.

மெட்ரோகார்டுக்கு இத்தனை வரிகள் எதற்கு என்று தோன்றலாம். டே ஸ்காலருக்குப் போக்குவரத்துதான் விடுதி வாடகை. 1997 ஜூலைவரை நியூயார்க்கில் பெரும்பாலான இடங்களில் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் மறுபடியும் கட்டணம். அப்போது ஒரு பயணத்துக்கு 1.50 டாலர். ரயிலும் பஸ்ஸுமாக வருகிற மாணவருக்குப் போக 3, வர 3, நாளுக்கு 6 டாலர். இலவச மாற்றம் வந்ததும் அது ஒரே நாளில் பாதியானது. ரயில் நிலையம் இல்லாத குயின்ஸ் கல்லூரி போன்ற இடத்துக்கு இதைவிடப் பெரிய உதவித்தொகையை எந்தக் கல்வி அமைச்சகமும் தந்திருக்க முடியாது. இத்தனைக்கும் அது போக்குவரத்துத் துறை எடுத்த முடிவு. இன்றைய நிலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நகரத்தின் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கியூனியில் சேர்ந்த அன்று அது போய்விடுகிறது. வருமான வரம்புக்குள் வருகிறவர்கள் தனியாக விண்ணப்பித்து, 2019இல் தொடங்கிய பாதிக் கட்டணத் திட்டத்தில் சேரலாம், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் பையனுக்குத் தூரம் குறைந்துவிடுகிறதா, வீட்டு வருமானம் கூடிவிடுகிறதா? இரண்டும் இல்லை.

அடுத்த ஆட்சேபம் பட்டம் பெறும் விகிதம் பற்றியது. கியூனி கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பலர் உரிய காலத்தில் முடிப்பதில்லை. பொதுப் பணத்தை ஓட்டைப் பானையில் ஊற்றுவானேன் என்கிறார்கள். அந்த விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் வழக்கமான கணக்கு, முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்த மாணவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நாலாண்டுப் பட்டத்துக்கு ஆறு ஆண்டு அவகாசம். விடுதிக் கல்லூரிக்கு ஏற்ற கணக்கு அது. குயின்ஸ்பரோ என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து, ஒரு வருடம் கடையில் வேலை பார்த்துவிட்டு, பட்டயம் வாங்காமலே குயின்ஸ் கல்லூரிக்கு மாறி, எட்டாவது ஆண்டில் பட்டம் வாங்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கல்லூரியின் கணக்கில் அவர் முடிக்காதவர். இரண்டாவது கல்லூரியின் கணக்கில் அவர் இல்லவே இல்லை. வாங்கிய பட்டம் கையில் இருக்கிறது, புள்ளிவிவரத்தில் தோல்வி இருக்கிறது. 2015க்குப் பிறகு பகுதிநேர மாணவரையும் மாறிவந்தவரையும் சேர்த்து எட்டு ஆண்டு பார்க்கும் இன்னொரு கணக்கையும் அரசு வெளியிடுகிறது. ஆனால் தலைப்புச் செய்திக்கு வருவது இன்னமும் பழைய எண்தான்.

நீண்ட காலம் காத்திருந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1969 ஏப்ரலில் ஹார்லெமிலுள்ள சிட்டி காலேஜில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினார்கள். சுற்றிலும் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் நிற்கும் கல்லூரிக்குள் கறுப்பின மாணவர் ஏன் இவ்வளவு குறைவு என்பது கேள்வி. விளைவாக 1970 முதல், நகரத்தின் பள்ளிப் படிப்பு முடித்த எவருக்கும் கியூனியில் ஓர் இடம் என்ற கொள்கை வந்தது. அந்த ஒரே ஆண்டில் 35,000 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். தரம் போய்விட்டது என்ற கூக்குரல் அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அப்படிச் சேர்ந்த பெண்களைப் பால் அட்டவெல், டேவிட் லாவின் என்ற இரு சமூகவியலாளர்கள் முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய் விசாரித்தார்கள். 2007இல் வெளியான அவர்களின் நூல்படி, பத்தில் ஏழு பேர் ஏதோ ஒரு பட்டத்தையோ பட்டயத்தையோ கடைசியில் பெற்றிருந்தார்கள். பிள்ளை பெற்று, வேலைக்குப் போய், நடுவில் விட்டுவிட்டு மறுபடி வந்து படித்தவர்கள். படித்த தாய்மார்களின் பிள்ளைகளும் பள்ளியில் மேலாகத் தேறியிருந்தார்கள். ஆறாவது ஆண்டில் கணக்கை மூடியிருந்தால் இவர்களில் பலர் ஓட்டைப் பானைக் கணக்கில்தான் போயிருப்பார்கள்.

தரம் பற்றிய கூக்குரலில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இத்தனை பேரைச் சேர்த்த நகரம் அதற்குரிய ஆசிரியரையும் அறையையும் போதுமான அளவு கொடுக்கவில்லை. ஐந்தே ஆண்டில் நிதி நெருக்கடி வந்து இருந்ததையும் வெட்டியது. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் சிட்டி காலேஜில் மினா ஷாகனஸி என்ற ஆசிரியர் ஆயிரக்கணக்கான மாணவர் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்கள் செய்யும் பிழைகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஒழுங்கு இருப்பதால் கற்பிக்கவும் முடியும் என்று காட்டி 1977இல் ஒரு நூல் எழுதினார். எழுத்துப் பயிற்சி பற்றி அமெரிக்காவில் இன்றும் படிக்கப்படும் நூல் அது. தரம் குறைந்த மாணவர்கள் வந்துவிட்டார்கள் என்று புலம்பிய பேராசிரியர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

வளாக வாழ்க்கை இல்லை என்ற குறைக்கு வருவோம். 1930களின் சிட்டி காலேஜில் அநேகமாக எல்லோரும் வீட்டிலிருந்து சப்வேயில் வந்தவர்கள், சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு. அதைச் சாப்பிட உட்கார்ந்த உணவுக்கூடத்தின் மாடங்கள் அமெரிக்கச் சிந்தனை வரலாற்றில் இடம்பிடித்துவிட்டன. ஒன்றாம் மாடத்தில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகள், இரண்டாம் மாடத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள், நாளெல்லாம் வாக்குவாதம். இர்விங் ஹவ், டேனியல் பெல், நேத்தன் கிளேஸர், இர்விங் கிறிஸ்டல் எல்லாரும் ஒன்றாம் மாடத்து ஆட்கள். குயின்ஸ் கல்லூரிக்கு வந்தால், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் இன ஒருங்கிணைப்பைத் தவிர்ப்பதற்காக 1959இல் அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டபோது, படிப்பில்லாமல் நின்ற கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த 1963 கோடையில் இந்தக் கல்லூரி மாணவர்கள் அங்கே போனார்கள். மறு ஆண்டு வாக்காளர் பதிவுக்காக மிசிசிப்பிக்குப் போன இக்கல்லூரி மாணவர் ஆண்ட்ரூ குட்மன் இருபது வயதில், ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர் ஆகியோரோடு கொல்லப்பட்டார். குயின்ஸ் கல்லூரி நூலகத்தின் மணிக்கூண்டு அந்த மூவரின் பெயரில் நிற்கிறது. இரவில் வீட்டுக்குப் போய்விடுகிற மாணவனுக்குப் பொது வாழ்வில் அக்கறை வராது என்று சொல்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? வீடு சில சமயம் பட்டறையாகவும் இருந்திருக்கிறது: மின்னணு இசையின் முன்னோடி ராபர்ட் மூக், குயின்ஸ் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே ஃப்ளஷிங்கில் அப்பாவோடு சேர்ந்து தெரமின் என்ற கருவியைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் இந்த ஆட்சேபத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. குயின்ஸ் கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள், மதியம் 12.15க்கு ‘ஃப்ரீ அவர்’ என்று ஒரு நேரம் விட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் வகுப்பு கிடையாது. மன்றக் கூட்டம், சொற்பொழிவு, விளையாட்டு, பேராசிரியரோடு பேச்சு எல்லாம் அப்போதுதான். டே ஸ்காலர் கல்லூரிக்கென்றே பொருத்தமாக யோசித்த ஏற்பாடு, பாராட்டலாம். ஆனால் ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஆறரை மணி வகுப்புக்கு ஓடிவருகிறவருக்கு மதியம் 12.15 எதற்கு உதவும்? அவருக்குத் தேவை இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கிற நூலகம், ஏழு மணிக்கும் ஆள் இருக்கிற உதவித்தொகை அலுவலகம், மாலையிலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடிகிற காப்பகம். வளாக வாழ்க்கையைக் கொண்டுவர விடுதி கட்டத் தேவையில்லை, கடிகாரத்தைத் திருத்தினால் போதும்.

விடுதி கட்டினால் என்ன என்பவர்கள் நியூயார்க் நில விலையை நினைக்க வேண்டும். கட்டினாலும் அதில் தங்கப்போவது வாடகை கொடுக்க முடிந்தவர்தான். சிஷோமைத் திருப்பி அனுப்பிய அதே தடை உள்ளே வந்து உட்காரும். எல்லாவற்றையும் ஆன்லைனில் நடத்திவிட்டால் பயணமே மிச்சம் என்பவர்களுக்கு 2020 மார்ச்சுக்குப் பின் நடந்ததே பதில். பயணம் மிச்சமாயிற்று, இரண்டு அறை வீட்டில் ஐந்து பேருக்கு நடுவில், அதுவும் கொரோனா முதலில் பேயாட்டம் ஆடிய குயின்ஸில், படிக்க இடம் மிச்சப்படவில்லை. அந்த ஆண்டுகளில் கியூனியின் மாணவர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கூப்பிடாத அம்மா. வீட்டில் இருப்பவருக்குக் கல்லூரி தருவதில் பாதி அதுதான்.

ஆசிரியர்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். கியூனி வகுப்புகளில் பெரும்பங்கை நடத்துபவர்கள் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர்கள். 2019 ஒப்பந்தம் ஒரு மூன்று கிரெடிட் பாடத்துக்குக் குறைந்தபட்சம் 5,500 டாலர் என்று நிர்ணயித்தது. முந்தைய தொகையோடு பார்த்தால் பெரிய உயர்வு, நியூயார்க் வாடகையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே காலையில் பிராங்ஸில் ஒரு வகுப்பு, மாலையில் குயின்ஸில் ஒரு வகுப்பு என்று அவர்களும் அதே ரயிலில்தான் அலைகிறார்கள். பாடம் முடிந்ததும் சந்தேகம் கேட்க மாணவருக்கு நேரமில்லை, சொல்ல ஆசிரியருக்கும் நேரமில்லை. ஆலோசகர் எண்ணிக்கையை உயர்த்தியதில் இரட்டிப்பு விளைவு கண்ட பல்கலைக்கழகம், ஆசிரியர் விஷயத்தில் அதே பாடத்தைக் கற்றுக்கொள்ள மறுப்பது புரியவில்லை.

கடைசியாக, கட்டணத்தை மறுபடி முழுவதும் ரத்துசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை. இதை முன்வைப்பவர்கள் இந்தக் கல்லூரிகளின் நண்பர்கள். ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது அது என்று நான் நினைக்கவில்லை. நாலாண்டுக் கல்லூரிகளில் உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 6,930 டாலர். மிக ஏழை மாணவருக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை உச்சமாக 7,395 டாலர்வரை கிடைக்கிறது, மாநில உதவி தனி. கட்டணம் அவர்களுக்கு ஏற்கெனவே தீர்ந்த விஷயம். தீராதது வாடகை, சாப்பாடு, பயணம், அதற்காக வாரத்துக்கு இருபது முப்பது மணி நேரம் வேலை. இன்னும் மோசம், உதவி விதிகளே முழுநேர மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2017இல் பெரும் ஆரவாரத்தோடு வந்த எக்செல்சியர் உதவித்தொகை, ஆண்டுக்கு 30 கிரெடிட் முடிக்க வேண்டும் என்றது; மற்ற உதவிகள் போக மீதிக் கட்டணத்தை மட்டும் கொடுத்தது. வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு 18 கிரெடிட் படிப்பவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. கட்டணம் ஏற்கெனவே தீர்ந்த ஏழை மாணவருக்கும் இல்லை. நடுத்தரக் குடும்பத்து முழுநேர மாணவருக்கு உதவுவது தப்பில்லை, ஆனால் இலவசக் கல்லூரி என்ற பெயரில் அதை விற்றது நேர்மையில்லை.

செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். ஏசாப் திட்டத்தையும், நாலாண்டுப் பட்டத்துக்கு 2015 முதல் கியூனியின் ஜான் ஜே கல்லூரியில் நடக்கிற அதன் வடிவத்தையும், முழுநேரம் படிக்க முடிந்த எல்லாருக்கும் விரிப்பது. முடியாதவர்களுக்குப் பாடச்சுமை குறைவாக இருந்தாலும் அதே ஆலோசகரையும் அதே பயண அட்டையையும் கொடுப்பது. பள்ளி மாணவரின் இலவசப் பயண அட்டையைக் கியூனி பட்டம் வரை நீட்டிப்பது. 1980களின் தொடக்கத்திலிருந்து நாலாண்டுக் கல்லூரிகளின் பொறுப்பு மாநிலத்திடமும், இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஒரு பங்கு நகரத்திடமும் இருக்கிறது. மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1ஆம் தேதியும், நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதியும் தொடங்குகின்றன. நியூயார்க்கில் வாக்குரிமை உள்ள தமிழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம், அந்த இரண்டு தேதிகளுக்கு முன், இந்த மூன்றையும் கேட்கலாம்.